வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி

மாஸ்டரையா கேட்கிறீர்கள், மேடம்? அவர் இப்போது மேலே வருவதில்லை. நாலு மாதம் ஆகிறது. ஏன் வருவதில்லை என்று இந்த ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சரியான காரணம் எனக்குத்தான் தெரியும். அவரை வராமல் செய்தது நான்தான்.

உட்காருங்கள். இந்தக் கொட்டகை நிழலிலேயே உட்காருங்கள். இப்போது உங்களை மேலே அழைத்துப்போக முடியாது. மேற்கே சிவப்புக் கொடி கட்டியிருக்கிறார்கள், பார்த்தீர்களா? குவாரியில் வெடி வைக்கும் நேரம். விசில் அடிப்பார்கள், வெடிக்கும், பிறகு தூசி அடங்கவேண்டும். அதற்கப்புறம்தான் ஆளை விடலாம் என்று எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் விதியை மீறுகிறவள் இல்லை. எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் சொல்லிவிடுவேன்.

என் பெயர் நிரோஷா. இந்தத் தவளைக்குன்றுக்கு வழிகாட்டி. எம்.ஏ. வரலாறு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான், அதனால் யாரைப் பார்த்தாலும் முதலில் படிப்பைச் சொல்லிவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. தப்பாக நினைக்காதீர்கள். வேலை ஒப்பந்தத்தில்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள், அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்காது. இந்தக் குன்றைப் பாதுகாக்கப்பட்ட இடம் என்று அரசு அறிவித்துவிட்டால் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். அறிவித்துவிட்டால் குவாரிக்காரர்களும் இந்தப் பக்கம் வரமுடியாது. என் வேலை, குன்று, ஓவியம் மூன்றுமே ஒரே கோப்பில் இருந்தன. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

மேலே ஒரு பாறை, தவளை வாயைத் திறந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். அந்த வாய்க்குள்தான் ஓவியங்கள். மொத்தம் நாற்பத்தொன்று. சிவப்பில் இருபத்தாறு, வெள்ளையில் பதினைந்து. இரண்டு இடத்தில் சிவப்பின் மேல் வெள்ளை ஏறியிருக்கிறது. அதனால் அந்த இடத்தில் சிவப்பு முந்தியது, வெள்ளை பிந்தியது. இதைச் சொல்லலாம். ஒரு மிருகத்துக்குக் கொம்பு கிளைவிட்டிருக்கிறது, அதனால் மான் என்று சொல்லலாம். ஏழு பேர் கைகோத்திருக்கிறார்கள். நிற்கிறார்களா, ஆடுகிறார்களா? தெரியாது. எதற்காக வரைந்தார்கள்? தெரியாது. எத்தனை ஆயிரம் வருடம்? இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் தெரியாது. நான் இப்படித்தான் சொல்வேன். கல்லூரியில் வத்சலா மேடம் எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். பார்த்ததைச் சொல், நினைத்ததைச் சொல்லாதே என்பார்.

வெயிலில் அரை மணி நேரம் மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களுக்கு இது பிடிக்காது. அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. ஒருவர் கருத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டே போனார், வழிகாட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை என்று. அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. இன்னும் இருக்கிறது.

மாஸ்டருக்கு எல்லாம் தெரியும். ஆதிகேசவன் மாஸ்டர். உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் குன்றைப் பற்றி முதலில் பத்திரிகைக்கு எழுதியவர் அவர்தான். தொல்லியல் துறைக்கு மனு மேல் மனு போட்டவரும் அவர்தான். இரண்டையும் நான் மறைக்கமாட்டேன். ஆனால் அதற்காக மேலே வருகிறவர்களையெல்லாம் தன் வீட்டு விருந்தாளிகள் மாதிரி நடத்துவார், என்னை அந்த வீட்டில் காபி கொண்டுவருகிற பெண் மாதிரி நடத்துவார்.

அவர் விளக்கம் சொல்கிற முறையே தனி. முதலில் எந்த ஊர், என்ன வேலை என்று விசாரிப்பார். அதற்கப்புறம்தான் படத்தைக் காட்டுவார். பள்ளி ஆசிரியர் வந்தால் அந்த ஏழு பேரும் பாடம் கேட்கிற பிள்ளைகள். டாக்டரம்மா வந்தால் பிரசவம் பார்க்கச் சூழ்ந்து நிற்கிற பெண்கள். ஒருமுறை கடலூர்ப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்கிறவர்கள் ஒன்பது பேர் வந்தார்கள். அன்றைக்கு ஏழு பேரும் வலை இழுத்தார்கள். வலை எங்கே என்று அதில் ஒருத்தர் கேட்டதற்கு, வலை அழிந்துவிட்டது, ஆள் மட்டும் மிச்சம் என்றார். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். என்னை யாரும் கும்பிட்டதில்லை.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சலூனில் தண்ணீர் பீய்ச்சுகிற பாட்டில் ஒன்று வைத்திருப்பார்கள் இல்லையா, அதில் ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். படத்தின் மேல் அடிப்பார். தண்ணீர் பட்டதும் மங்கலான கோடு பளிச்சென்று எழுந்து வரும். ஆட்கள் கைதட்டுவார்கள். ஆனால் காய்ந்ததும் பாறையிலிருக்கிற உப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும். அடிக்க அடிக்க ஒருநாள் படமே அந்த உப்புக்குள் போய்விடும். பயந்து பயந்துதான் சொன்னேன், அடிக்காதீர்கள் சார் என்று. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "மழை பேஞ்சா என்னம்மா பண்ணுவ, மலைக்குக் குடை புடிப்பியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மழை அந்த வாய்க்குள் அடிக்காது, அதனால்தான் படம் இத்தனை காலம் நிற்கிறது. இந்தப் பதில் எனக்குக் குன்றிலிருந்து பாதி தூரம் இறங்கிய பிறகுதான் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான், மேடம். நாக்குக்கு வரவேண்டிய நேரத்தில் வராது. மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே வரவே வராது.

தை மாதம் கோப்பு நகர்ந்தது. பங்குனியில் அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள், அதன்பிறகு அறிவிப்பு என்று கடிதம் வந்தது. இடத்தைச் சுத்தம் செய்தோம். பாறையின் வலது கன்னத்தில் காரைமுள் புதராக மண்டிக் கிடந்தது. அதை வெட்டினபோது உள்ளே ஒரு குறி தெரிந்தது. சிவப்பில் ஒரு வட்டம், அதற்குள் பெருக்கல் குறி. அவ்வளவுதான். நான் அளந்தேன், முப்பத்தொரு சென்டிமீட்டர். மாஸ்டர் பாட்டிலை எடுத்து அடித்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன். அப்புறம் சொன்னார், இது சூரியன், நாலு திசை, இதுதான் நம் ஆட்கள் எழுதிய முதல் எழுத்து, இத்தனை வருடம் இதற்காகத்தான் இந்த மலை என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது என்று.

எனக்கு அந்தச் சிவப்பு கொஞ்சம் வேறு மாதிரிப் பட்டது. மற்றப் படங்களில் நிறம் பாறைக்குள் ஊறியிருக்கும். இது மேலே நின்றது. ஆனால் நான் நிபுணர் இல்லை. அதனால் பேசாமல் இருந்தேன்.

அடுத்த வாரமே வத்சலா மேடம் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பது பேர். நான் படித்த அதே வகுப்பு. முதல்நாள் என் சேலையை இரண்டுமுறை இஸ்திரி போட்டேன். மேடம் என்னை அவர்களிடம், நம் பழைய மாணவி, இப்போது இங்கே பொறுப்பில் இருக்கிறாள் என்று அறிமுகப்படுத்தினார். பொறுப்பு என்ற வார்த்தை எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா? மாஸ்டர் முந்திக்கொண்டு வலது கன்னத்துக்கு எல்லோரையும் அழைத்துப்போனார். சூரியன், நாலு திசை, முதல் எழுத்து. மேடம் என்னைப் பார்த்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். இப்போது சொல்லமுடியாது மேடம், நிறம் வேறு மாதிரி இருக்கிறது, சோதிக்கவேண்டும் என்றேன். என் வாழ்க்கையில் சரியான நேரத்தில் சரியாகச் சொன்ன ஒரே பதில் அதுதான்.

மாஸ்டர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே மாணவிகளிடம் சொன்னார்.

"இவ நம்ம கல்லுடைக்கிற கன்னியப்பன் பொண்ணு. அப்பன் இந்த மலைய உடைச்சான், பொண்ணு காப்பாத்த வந்திருக்கா. அவங்க வீட்டுல கல்லப் பாத்தா எத்தனை துண்டு தேறும்னுதான் தெரியும். அர்த்தமெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

நாற்பது பெண்களும் சிரித்தார்கள். சரியாகச் சொல்லவேண்டும் என்றால் எல்லோரும் இல்லை. ஆனால் வத்சலா மேடமும் லேசாகச் சிரித்தார். பெரியவர் ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று மரியாதைக்குச் சிரித்திருப்பார். அது எனக்கும் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

அதோ, விசில். காதைப் பொத்திக்கொள்ளுங்கள் மேடம். இன்னொன்றும் வரும், இருங்கள்.

முடிந்தது. கல் இவ்வளவு தூரம் வராது, பயப்படாதீர்கள். தூசி மட்டும்தான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் நான் அந்தப் பேச்சைச் சொல்லவில்லை. என் அப்பா இருபது வருடம் இந்தப் பக்கத்துக் குவாரிகளில் மேஸ்திரி. இப்போது முடியவில்லை, நாலு ஆடு வைத்திருக்கிறார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டேன், தவளைப் பாறையில் ஒரு வட்டம் போட்டு உள்ளே பெருக்கல் குறி இருக்கிறதே, அது என்ன தெரியுமா என்று. அவர் சோற்றைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அதுவா? நான் போட்டதுதான் பாப்பா. உதவாத கல்லுன்னு."

குவாரியில் அப்படி ஒரு வழக்கம். கல்லைப் பிளப்பதற்கு முன்னால் மேஸ்திரி சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நல்ல கல் கணீர் என்று பேசும். உள்ளே வெடிப்பு ஓடியிருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். செத்த கல்லுக்குக் காவிக்கட்டியைக் கரைத்து வட்டம் போட்டுப் பெருக்கல் போட்டுவிடுவார்கள். அதை யாரும் தொடமாட்டார்கள். அதில் தூணும் தேறாது, படியும் தேறாது.

அந்தப் பாறை செத்த கல் இல்லை, மேடம். அப்பா சொன்னார், அதை மாதிரிப் பேசின கல்லை அவர் பார்த்ததே இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் கான்ட்ராக்டர் அதை உடைக்கச் சொல்லியிருக்கிறார். வேலையாட்கள் அந்த நிழலில் சாப்பிட உட்கார்ந்தபோது உள்ளே படங்களைப் பார்த்திருக்கிறார்கள். பொன்னன் என்று ஒருவர், அப்பாவின் கூட்டாளி, யாரோ கையால் போட்டது, அதன்மேல் என் சம்மட்டி விழாது என்று சொல்லிவிட்டார். மற்றவர்களும் எழுந்திருக்கவில்லை. அப்பா யோசித்தார். குறியைப் போட்டார். கான்ட்ராக்டரிடம் போய், உள்ளே வெடிப்பு ஓடுகிறது, உதவாது என்று சொன்னார். அவர் வந்து குறியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இவ்வளவுதான் கதை. அப்பா கை கழுவிக்கொண்டே சொன்னார், தொழிலில் அவர் பொய்க்குறி போட்டது அந்த ஒருமுறைதானாம்.

நான் மறுநாள் காலையிலேயே மாஸ்டரிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லத்தான் கிளம்பினேன். நம்புங்கள். ஆனால் ஏறிக்கொண்டே இருக்கும்போது அந்தச் சிரிப்பு ஒவ்வொரு அடியிலும் கூட வந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது மாஸ்டர் குறிக்கு முன்னால் இரண்டு குடும்பங்களை நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாம்மா, வந்து கேளு, கத்துக்க" என்றார். நான் போய் நின்று கேட்டேன். முழுக்கக் கேட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பிறகு இரண்டு மாதம் என்னைப் போல நல்ல உதவியாளர் அவருக்குக் கிடைத்ததே இல்லை. குறியை அளந்து கொடுத்தேன், சரியான அளவு. படம் எடுத்துக் கொடுத்தேன், நல்ல வெளிச்சத்தில். அவர் கட்டுரை எழுதினார், இருபத்திரண்டு பக்கம். கணினியில் ஏற்றித் தரமுடியுமா என்று கேட்டார். தந்தேன். அவருடைய சந்திப்பிழைகளையெல்லாம் திருத்தினேன். சூரிய வழிபாடு என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது, அதைக்கூடக் கேட்டு நிரப்பினேன். ஒரே ஒருநாள் கேட்டேன், சார், இது உறுதிதானா, இன்னொருவரிடம் காட்டலாமா என்று. பிற்பாடு யாரும் என்னை ஒன்றும் சொல்லக்கூடாது இல்லையா, அதற்காக. உனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்தான், அதனால்தான் நீ இப்படியே இருக்கிறாய் என்றார். சரி சார் என்றேன். பத்திரிகையில், குறிக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற படத்தோடு வந்தது. தண்ணீர் அடித்தபிறகு எடுத்த படம். அதை எடுத்ததும் நான்தான்.

இதில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கவனித்தீர்களா?

பங்குனியில் அதிகாரிகள் வந்தார்கள். வருவாய்த் துறையில் பெரிய அதிகாரி ஒருவர், துறை நிபுணர் ஒருவர், பத்திரிகைக்காரர்கள். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்பதால் குவாரிக் குத்தகைக்காரரின் மேனேஜரும் வந்திருந்தார். அப்பாவை நான்தான் வரச்சொன்னேன். மலையைப் பற்றித் தெரிந்த பழைய ஆட்கள் பேசவேண்டும் என்கிறார்கள் அப்பா என்றேன். அது பொய்யா? அந்த அதிகாரி பின்னால் உண்மையாகவே அப்படிக் கேட்டார். அதனால் பொய் இல்லை. அப்பா என் பட்டமளிப்புக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஏறும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்தார்.

மாஸ்டர் வேறு எந்தப் படத்தையும் காட்டவில்லை. மானைக் காட்டவில்லை, ஏழு பேரைக் காட்டவில்லை. நேராக வலது கன்னத்துக்குத்தான் போனார். நான் எதிர்பார்த்ததும் அதுதான். இந்தக் குறி ஒன்றே போதும் ஐயா, இதற்காகவே இந்த மலையை அறிவிக்கவேண்டும் என்றார். கால்மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அதிகாரி கேட்டார், உள்ளூரில் பழைய ஆட்கள் யாராவது இதைப் பற்றிச் சொல்ல இருக்கிறார்களா என்று.

இருக்கிறார்கள் ஐயா என்றேன். குரல் நடுங்கவில்லை. அப்பாவைக் கைபிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அப்பா குறியைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். அவரை அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். கடைசியாக என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. ரொம்பப் பழசு."

அதை நான் எதிர்பார்க்கவில்லை, மேடம். அந்தக் குறியைத் தவிர அப்பா எனக்குத் தெரிந்து பொய் பேசியதில்லை. இரண்டு மாதம். இரண்டு மாதம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்து வைத்தது. அவர் சட்டை முதுகில் வியர்வையில் ஒட்டியிருந்தது. நான் சொன்னேன், "அப்பா, சொல்லுங்க. யார் போட்டது?" அவர் மறுபடி குறியைப் பார்த்தார். "அப்பா. வீட்டுல என்கிட்ட சொன்னீங்கள்ல, அதைச் சொல்லுங்க."

"நான்தான் போட்டேன்" என்றார். அதை அவர் அதிகாரியிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

அப்புறம் கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. உதவாத கல் என்பதற்கான குறி. காவிக்கட்டி. இருபத்தைந்து வருடம். மாஸ்டர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை எடுக்கவே இல்லை. முதலில் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அப்புறம் கையிலிருந்த கட்டுரையை மடித்தார், இன்னொருமுறை மடித்தார், சட்டைப்பைக்குள் வைக்கப்பார்த்தார், இருபத்திரண்டு பக்கம் எப்படிப் போகும்? பையில் போகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஒரு பத்திரிகைக்காரப் பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஜுரத்தில் நெற்றியில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது.

மேனேஜர்தான் மெதுவாகக் கேட்டார். "அப்ப இந்தப் பாறை அந்தக் காலத்துலேயே குவாரி எல்லைக்குள்ளதான் இருந்திருக்கு. சரி, மத்த படமெல்லாம் யாரு மேஸ்திரி போட்டது? சாப்பாட்டு நேரத்துல நீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். அப்பா வாயைத் திறப்பதற்குள் நிபுணர், இல்லை, மற்றவை பழையவை போலத்தான் தெரிகிறது, ஆனால் சோதிக்கவேண்டும் என்றார். அவர் சரியாகத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பெரிய அதிகாரி, முதலில் எது பழசு, எது புதுசு என்று அறிக்கை வரட்டும் என்று கோப்பை மூடிவிட்டு இறங்கினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மறுநாள் பத்திரிகையில் போட்டார்கள், பழங்கால ஓவியம் குவாரித் தொழிலாளியின் கைவண்ணம் என்று. ஓவியங்கள் என்று பன்மையில் போடவில்லையே என்று நான் நினைத்தேன். ஆனால் படிக்கிறவர்கள் அப்படியெல்லாம் எண்ணிப் படிப்பார்களா? ஆட்கள் வருவது குறைந்தது. வைகாசியில் கடிதம் வந்தது, அறிவிப்பு ஒத்திவைக்கப்படுகிறது. ஆனியில் மேற்குப் பக்கக் குத்தகை புதுப்பிக்கப்பட்டது. வெடி ஆரம்பித்தது. முதல் வாரம் வெள்ளை மானின் பின்னங்காலில் ஒரு சில்லு பெயர்ந்தது. இரண்டு சென்டிமீட்டர். எழுதி அனுப்பியிருக்கிறேன். என் ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று தெரியும். முகத்தில் தெரிகிறது. ஆனால் பொய்யை வைத்துக்கொண்டு ஒரு மலையைக் காப்பாற்றலாமா, மேடம்? நான் படித்த படிப்பு அதை ஒத்துக்கொள்ளாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அப்பாவிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நீங்கள் குறி போடும்போது இந்தப் படங்களெல்லாம் இங்கே இருந்தனவா என்று. இருந்தன, அவற்றைக் காப்பாற்றத்தான் போட்டோம் என்று அவர் சொல்லியிருப்பார். மேனேஜருக்கு வாய் அடைத்துப்போயிருக்கும். கோப்பு நகர்ந்திருக்கும். அந்தக் கேள்வி என் வாய்வரைக்கும் வந்தது. இந்தமுறை சரியான நேரத்துக்கே வந்தது. ஆனால் கேட்டிருந்தால் மாஸ்டரும் தப்பித்திருப்பார். பாருங்கள் ஐயா, நான் சொன்னேனே, காப்பாற்றவேண்டிய மலை என்று, அதையும் தன் பேச்சோடு சேர்த்துக்கொண்டிருப்பார். அதனால் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை மாஸ்டரே கேட்டார். ஒரு மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வேண்டுமென்றே உள்ளே இருந்தேன். மன்னிப்புக் கேட்பார், கேட்கட்டும், அப்பா வாசலிலேயே நிற்கவைத்து அனுப்பட்டும் என்று காத்திருந்தேன். மன்னிப்பெல்லாம் கேட்டாரா என்று காதில் விழவில்லை. குறி போட்டபோது படங்கள் இருந்தனவா, அதற்கு இப்போது நீங்கள் ஒருவர்தான் சாட்சி, மேஸ்திரி, என்றது மட்டும் கேட்டது. அப்பா உள்ளே திரும்பி, டீ போடு பாப்பா என்றார். போட்டேன். என் கையால் போட்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் இரண்டு பேரும் காலை பஸ்ஸில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறார்கள். குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கிற வரிசையில் நிற்கிறார்கள். குறி என்னுடையது, படங்கள் எனக்கு முந்தியவை என்று அப்பா சொல்கிறாராம். எழுதிக்கொள்கிறார்களாம், வரச்சொல்கிறார்களாம். மனுவை மாஸ்டர் எழுதுகிறார். வீட்டில் எம்.ஏ. படித்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. போன வாரம் என்னால் அடக்கமுடியவில்லை. நாற்பது பேருக்கு முன்னால் அந்த ஆள் உங்களை என்ன சொன்னார் தெரியுமா என்று ஆரம்பித்து, இத்தனை நாள் சொல்லாததை எல்லாம் சொல்லிவிட்டேன். உங்களுக்காகத்தானே அப்பா செய்தேன் என்றேன்.

அப்பா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அவரு நான் இல்லாதப்ப ஒரு பேச்சு பேசினாரு. நீ என்னக் கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போயி நிக்க வெச்ச."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று அதற்கப்புறம் கேட்டார்.

தூசி அடங்கிவிட்டது. கிளம்பலாம், மேடம். தண்ணீர் வைத்திருக்கிறீர்களா? குடிக்க மட்டும்தான். இருங்கள், இருங்கள். நாலரை பஸ் வருகிறது. இன்றைக்குத் திங்கட்கிழமை. அதோ முதலில் இறங்குகிறாரே, குடை வைத்துக்கொண்டு, அவர்தான் நீங்கள் கேட்ட மாஸ்டர். பின்னால் படியைப் பிடித்து மெதுவாக இறங்குகிறவர் என் அப்பா. இந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் போவார்கள். மாஸ்டர் உங்களைப் பார்த்ததும் எந்த ஊர், என்ன வேலை என்று கேட்பார். பதில் சொல்லுங்கள். அதன்பிறகு எனக்காக ஒரே ஒரு கேள்வி அவரிடம் கேளுங்கள். வலது கன்னத்தில் ஒரு வட்டக்குறி இருக்கிறதாமே சார், அதற்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். தெரியாத மாதிரிக் கேளுங்கள். நான் இங்கே நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

உடனே வேண்டாம். அப்பா கொஞ்சம் முன்னால் போகட்டும். அவர் காதில் விழாத தூரம் போனபிறகு கேளுங்கள்.